சங்கு ஊதினால் வாலாட்டும் விமானம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பொறியியல் படித்தவன், பம்பு மோட்டார் பட்டறை நடத்துகிறவன், காரணமில்லாமல் எதுவும் சுற்றாது என்று தெரிந்தவன். பட்டப்பகலில், நாலு பேர் கூட இருக்கும்போது கேட்டால் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். பொழுது சாய்ந்து மில் சங்கு ஊதுகிற நேரத்தில் மட்டும் என்னிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. என் வயதுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமையானால் சினிமாவுக்குப் போனார்கள். நான் அன்னூர் தாண்டி ஒரு பொட்டல் காட்டில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தேன். அங்கே கைவிடப்பட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் ஒரே ஒரு வேப்பமரம். காற்று இல்லாத நாளிலும் அந்த மரம் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில்தான் நாங்கள் ஏழெட்டுப் பேர் ரேடியோவில் இயங்கும் சின்ன விமானங்களை விட்டுக்கொண்டிருந்தோம்.

சும்மா விடுவதில்லை. போட்டிப் பறப்பு. வேகத்துக்கு இதில் மார்க் கிடையாது, சுத்தத்துக்குத்தான் மார்க். லூப் போட்டால் வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். ஸ்லோ ரோல் என்றால் விமானம் நேர்கோட்டில் போய்க்கொண்டே, உயரம் இறங்காமல், மெதுவாக ஒரு முழுச்சுற்று உருள வேண்டும். நாற்காலி போட்டு உட்கார்ந்த நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். எல்லாம் வரிசைப்படி நடக்க வேண்டும் என்பதால், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எனக்கு நேராகப் போகவே வராது. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான், நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். இந்தச் சின்ன விஷயம் என் கட்டைவிரல்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. (பட்டறையில் என்னை "கீழே வாங்க இன்ஜினியர்" என்று கூப்பிடுவார்கள். விமானத்தைச் சொல்கிறார்களா என்னைச் சொல்கிறார்களா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.)

மைதானத்துக்கு ராஜா பாரூக் பாய். கோட்டைமேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வேப்பமரத்தில் ஒரு பலகையை மாட்டி, அதில் துணி காயப்போடும் கிளிப்புகளைக் குத்தி வைத்திருப்பார். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு சேனல் நம்பர். உங்கள் சேனலின் கிளிப்பை எடுத்து, விமானத்தை ஓட்டுகிற ரேடியோப் பெட்டியின் ஏரியலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பெட்டியை ஆன் செய்யலாம். ஒரே சேனலில் இரண்டு பெட்டி ஓடினால் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் குழம்பி விழுந்துவிடும்.

"கிளிப் இல்லாம எவனாச்சும் பெட்டிய ஆன் பண்ணினீங்க, அல்லா சத்தியமா கைய ஒடிச்சுப்புடுவேன்," என்று ஞாயிறுதோறும் சொல்வார். தொழுகைக்கு அடுத்தபடியாக அவர் தவறாமல் செய்த காரியம் அதுதான்.

எங்களில் சுத்தமாக ஓட்டியவர் துரைசாமி அண்ணன். மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அவருக்குப் பின்னால் நின்று சொல்கிறவர் அவர் மனைவி ருக்குமணி அக்கா. ஒரு கையில் கணவனுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, வரிசையை மனப்பாடமாகச் சொல்வார். அண்ணனிடம் ஒரே ஒரு குறை இருந்தது. ஸ்லோ ரோலில் விமானம் தலைகீழாகும்போது ஒரு மூச்சு நேரம் அப்படியே நிறுத்துவார், பிறகுதான் மிச்சத்தை உருட்டுவார். ஒவ்வொரு போட்டியிலும் நடுவர்கள் அதற்கு மார்க் குறைப்பார்கள். ஒவ்வொரு போட்டியிலும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்பார். அண்ணன் நிற்பார்.

"அங்க நின்னு பாத்தா நல்லா இருக்குதம்மிணி," என்பார்.

அந்த வருஷப் போட்டிக்கென்று அண்ணன் புதிதாக ஒரு விமானம் செய்தார். மஞ்சள் உடம்பு, சிவப்பு வால். அதைச் சரியாக நாலு ஞாயிறுகூட ஓட்டவில்லை. ஒரு சாயந்திரம், மில் சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து படியிறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. கூடத்து மேசையில் அந்த விமானமும் பெட்டியும் இருந்தன.

"போட்டியில இது ஒருக்கா பறக்கோணும் கண்ணு. அவரு ஆசை. நீ ஓட்டு."

"அக்கா, நானுங்களா? நான் ஓட்டறது உங்களுக்கே தெரியும்ங்க."

"தெரியும். அவரே சொல்லுவாரு, அந்தப் பையன் ஓட்டறது மோசம், ஆனா எத்தனை தடவை போட்டு ஒடச்சாலும் பொறுக்கீட்டுப் போயி ஒட்டி மறுக்கா கொண்டாந்துடறான்னு." பிறகு மஞ்சள் இறக்கையைத் தொட்டபடி சொன்னார். "ஆனா இத ஒடச்சுப்போடாதே சாமி. அவரு கையில கடேசியா செஞ்சது இதுதான். முழுசாக் கொண்டாந்து குடுத்துப்போடு."

இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதுவரை நான் உடைத்ததெல்லாம் என் விமானங்கள், ஒட்டினால் போயிற்று. இதை உடைத்தால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்து பேட்டரிகளுக்கு ஒரு குணம் உண்டு. மிச்சம் மீதி இல்லாமல் வடித்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் விமானத்தின் சுவிட்சைப் போட்டு, மேசையில் வைத்துவிடுவேன், தானாக வடியட்டும் என்று.

முதல் நாள். அறையில் விளக்கு போடவில்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். விமானத்திலிருந்து விளக்கெண்ணெய் கருகிய வாசம் வந்துகொண்டிருந்தது. (இந்த எஞ்சின்களுக்கு எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள், வாசம் லேசில் போகாது.) தூரத்தில் மில் சங்கு ஊதியது. அது அடங்கியதும் மேசையில் 'ங்ங்' என்று ஒரு முனகல்.

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு வால் மெதுவாக இடது பக்கம் திரும்பியது. நின்றது. நேரானது. பிறகு இறக்கை மடல்கள் இரண்டும் அசைந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே.

பெட்டி அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், ஆஃப். பேட்டரியையே கழற்றினேன். பெட்டி என் கையில் செத்துக் கிடக்க, மேசையில் வால் ஆடிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் காலை அசைக்கிற குழந்தை மாதிரி, அவசரமே இல்லாமல் ஆடியது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

ஏதோ ரேடியோ இரைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (பொறியியல் படித்த வாய்.) மறுநாளும் சங்கு ஊதியது. வால் ஆடியது. மூன்றாம் நாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. அது கண்டபடி ஆடவில்லை. இப்போது லூப்புக்கு இழுக்கிறது, இப்போது மேலே ஏறி வாலைத் திருப்பி இறங்குகிறது, இப்போது ஸ்லோ ரோல். போட்டி வரிசை. ஒன்று விடாமல், முறைப்படி.

ஓடிப்போயிருக்கலாம். நான் ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெட்டியைக் கையில் எடுத்து அந்த வாலைப் பார்த்துப் பார்த்து விரலைப் பழக்கிக்கொண்டேன். செத்தவரிடம் டியூஷன் படித்தவன் கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்று மட்டும் இடித்தது. ஸ்லோ ரோலில் அந்த நிறுத்தம் இல்லை. போன பிறகாவது அண்ணன் அக்கா பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா காபி கொண்டுவந்தார். அதே நேரம் சங்கு. அம்மா டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"ஏஞ்சாமி, அது ஏன் தானா வாலாட்டுது?"

"பேட்டரி வடியுதும்மா."

"பேட்டரி வடிஞ்சா வாலு எதுக்குடா ஆடோணும்? அந்த மவராசன் இதுக்குள்ள உக்காந்திருக்கறான். நாளைக்கே கொண்டுபோயிக் குடுத்துப்போடு!"

"போட்டி முடியட்டும்மா."

அம்மா ஒன்றும் பேசாமல் போனார். எங்கள் வீட்டில் அம்மா பேசாமல் போனால் ஏதோ காரியம் நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

போட்டியன்று காலை மைதானத்தில் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தபோது அந்தக் காரியம் என்னவென்று தெரிந்தது. மடக்கி வைத்திருந்த ஏரியலில் கருப்பராயன் கோயில் கறுப்புக் கயிறு. அடி முதல் நுனி வரை சுற்றி, ஏழெட்டு முடிச்சுப் போட்டு, விபூதி பூசி, கிழிந்த துணியில் ஏதோ மடித்துக் கட்டியிருந்தார் அம்மா. ஏரியலை ஒரு கணுகூட வெளியே இழுக்க முடியவில்லை.

பிளேடு இருந்தது. அறுத்திருந்தால் அந்த நாள் ஒழுங்காகப் போயிருக்கும். பிளேடைக் கயிற்றில் வைத்தேன். வேப்பமரம் முணுமுணுத்தது. பிளேடைப் பையில் போட்டுவிட்டேன். ஏரியலை மடக்கியபடி கொஞ்ச தூரம் நடந்து, வால் அசைகிறதா என்று சோதிப்பது வழக்கம். அதில் தேறிவிட்டது. தரையில் தேறினால் ஆகாயத்தில் தேறாதா என்று நினைத்து, பாரூக் பாய் கண்ணில் படாமல் ஏரியல் மேல் கைக்குட்டையைச் சுற்றினேன். கயிற்றை அறுத்தால் அண்ணன் கோபித்துக்கொள்வாரோ, கருப்பராயன் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். ஏரியல் நீளாவிட்டால் விமானம் கோபித்துக்கொள்ளும் என்பது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை.

அக்கா வந்திருந்தார். ஆனால் இறங்கவில்லை. வருஷம் திரும்பாத வீட்டுப் பெண் நாலு பேர் கூடுகிற இடத்தில் வந்து நிற்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மரத்தடியில் பாரூக் பாயின் அம்பாசிடரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வெள்ளைச் சேலையும் முகமும் மட்டும் தெரிந்தன. போகிற வழியில் ஒரு தரம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரூக் பாய் எனக்குப் பின்னால் நின்று வரிசை சொன்னார். விமானம் அழகாக எழும்பியது. முதல் லூப் வட்டமாக இல்லாவிட்டாலும் முட்டை என்று சொல்லும்படி வந்தது. திரும்புவதற்காக இடப்பக்கம் தூரத்துக்கு அனுப்பினேன். அங்கேதான் எல்லாம் நின்றுபோனது.

விரலை இழுத்தேன், அது கேட்கவில்லை. மறுபடி இழுத்தேன். காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு நடுங்கி, மூக்கைக் கீழே போட்டு, கருவேலங்காட்டை நோக்கி இறங்கியது. அண்ணன் கையில் கடைசியாகச் செய்தது. முழுசாகக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிவந்தது.

மரத்தலையைத் தொடுமுன் விமானம் நிமிர்ந்தது.

யாரோ கையைப் பிடித்துத் தூக்கிய மாதிரி மெதுவாக, சுத்தமாக நிமிர்ந்து, திரும்பி, ஓடுபாதைக் கோட்டுக்கே வந்து சேர்ந்தது. என் விரல்கள் இழுத்தது ஒரு பக்கம், அது போனது வேறு பக்கம். என் சேனல் கிளிப் என் ஏரியலில்தான் இருந்தது. வேறு ஒருவர் கையிலும் பெட்டி இல்லை, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்து ஸ்டால் டர்ன்," என்றார் பாரூக் பாய்.

விமானம் நெட்டுக்குத்தாக மேலே ஏறி, உச்சியில் நின்று, வாலைத் திருப்பி, ஏறிய கோட்டிலேயே இறங்கியது.

"மாஷா அல்லா! எங்க தம்பி கத்துக்கிட்ட?"

அவர் சொல்லச் சொல்ல விமானம் கேட்டது. விளக்கெண்ணெய் வாசம் மைதானம் முழுக்க இறங்கியது. வேப்பமரம் அன்று அதிசயமாகச் சும்மா இருந்தது. "ஸ்லோ ரோல்," என்றார் பாய். மஞ்சள் இறக்கை உருண்டது, பாதியில் தலைகீழானது. நின்றது. ஒரு மூச்சு நேரம்.

பெட்டி என் கையிலிருந்து நழுவிப் புல்லில் குப்புற விழுந்தது. அடுத்த கணம் நானும் விழுந்தேன். நடுவர்கள், போட்டியாளர்கள், வேடிக்கை பார்க்க வந்த அன்னூர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னால் ஓடுபாதையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு கத்தினேன்.

"அண்ணா! தெரியாமச் செஞ்சுபோட்டனுங்கண்ணா! இனி உங்க ஏரோப்ளேனத் தொட மாட்டனுங்கண்ணா! பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கறனுங்கண்ணா! என்னைய உட்டுருங்கண்ணா!"

தலைக்கு மேலே விமானம் மிச்ச ரோலை முடித்து, சாவகாசமாகச் சுற்றி வந்து, எனக்குப் பத்தடி தள்ளி பூப்போல இறங்கி, எஞ்சினை அணைத்துக்கொண்டது. ஒரு கீறல் இல்லை.

அன்னூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றியிருந்தார். பிறகு அம்பாசிடரின் கதவு திறந்தது. வெள்ளைச் சேலையில் அக்கா இறங்கினார். கையில் ஒரு பெட்டி, ஏரியல் முழுக்க நீண்டிருந்தது, நுனி மட்டும் கார் ஜன்னலில் இடித்து வளைந்திருந்தது.

அண்ணன் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அதே சேனலில் இரண்டாவது பெட்டி வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மில் சங்கு ஊதி அவர் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்று, விமானமே இல்லாமல் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையைப் பழகுவார்களாம். அவர் போன பிறகும் அக்கா அதை விடவில்லை. சங்கு ஊதியதும் மாடிக்குப் போய், ஏரியலை நீட்டி, பெட்டியை ஆன் செய்து, முழு வரிசையையும் தனியாக ஓட்டி முடித்துவிட்டு இறங்குவார். இரண்டு தெரு தள்ளி என் மேசையில் ஒரு வால் அதற்கு ஆடிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது.

"சும்மா மடியில வெச்சு, ஓட்டற மாதிரி விரல அசைச்சுட்டு இருந்தனுங்க பாய்," என்றார். "அது முள்ளுக்காட்டுக்கு எறங்கறதப் பாத்ததும் மனசு கேக்கல. கண்ணாடிய எறக்கி, ஏரியலை வெளிய நீட்டி ஆன் பண்ணிப்போட்டேன். கிளிப் எடுக்கலீங்க. தப்புத்தான்."

முழுக்க நீட்டிய அந்த ஏரியலுக்கு முன்னால், கயிறு கட்டிய என் பெட்டியின் பேச்சு எடுபடவில்லை. பாரூக் பாய் எந்தக் கையையும் ஒடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

எனக்கு உயிர் வந்தது. பேயில்லை! மேலெல்லாம் மண்ணோடு எழுந்து, தெம்பாகச் சிரித்துக்கொண்டே கேட்டேன். "எல்லாம் சரிங்கக்கா, அந்த ஸ்லோ ரோல்ல அண்ணன் மாதிரியே நிறுத்தி என்னைய இப்படிப் பயமுறுத்திப்போட்டீங்களே?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"நிறுத்துச்சா?"

"தலைகீழா நின்னுச்சுங்களே."

"ஸ்லோ ரோல் நான் பண்ணல கண்ணு," என்றார். "பாய் பேரச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துருச்சு. பெட்டிய மடியில போட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டேன். நிமுந்து பாக்கறப்ப முக்காலுக்கு மேல உருண்டு நேரா வந்துட்டு இருந்துச்சு. அப்பறம்தான் எடுத்து எறக்குனேன்."

மீசைக்கார நடுவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் தாளைப் பார்த்துச் சொன்னார். "ஸ்லோ ரோல், நடுவே நின்றது. ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்."

அக்கா சிரித்தார். அண்ணன் போன பிறகு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்து அழவும் செய்தார். "சொன்னாக் கேக்கவே மாட்டாரு," என்று அழுதார். நாங்கள் சுற்றி நின்றோம். எனக்கும் கண் கலங்கியது, அதில் பாதி பயம்.

பெட்டி புல்லில் குப்புற விழுந்ததில் ஸ்டிக் அமுங்கி, விமானம் உருண்டிருக்கும் என்று பாரூக் பாய் ஒரு காரணம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அது நின்றதைப் பார்த்த பிறகுதானே பெட்டியை விட்டேன் என்று கேட்டதும் அவர் பலகையில் கிளிப்புகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். அப்படியே பாய் சொன்னதுதான் சரி என்றாலும், எனக்கு மாதக்கணக்கில் வராத ஸ்லோ ரோலை அன்னூர்ப் புல் ஒரே தடவையில் போட்டுவிட்டது என்பதைத் தாங்கிக்கொள்வது கஷ்டம்.

ஓட்டியவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு மார்க் செல்லாது என்றார்கள். பழனிக்குப் போய் மொட்டை போட்டேன். அடுத்த வாரமே தாராபுரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மொட்டைக்குக் காரணம் கேட்டார்கள். வேண்டுதல் என்றேன். என்ன வேண்டுதல் என்றார்கள். அம்மா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் உள்ளறையில் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை, என் வீட்டில்தான் இருக்கிறது. மிக்சி ஓடாவிட்டாலும், கரண்ட் போனாலும், மகள் முதன்முதலில் ஸ்கூட்டி பழகியபோதும் அதே பேச்சுதான்: "நீங்க கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஓரமா நில்லுங்க, அது தானாப் போகும்."

விமானத்தை அக்கா கண்ணாடி அலமாரியில் வைக்கவில்லை. அடுத்த வருஷப் போட்டியில் அவரே ஓட்டினார். சொந்தக்காரர்கள் சொன்னது அவர்கள் வீட்டோடு இருந்தது. நான் அண்ணனின் விமானத்தைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தவன், அதனால் அவருக்குப் பின்னால் நின்று வரிசை சொல்கிறேன். ஒரு கையில் வரிசைத் தாள், ஒரு கையில் குடை. இன்றும் வருஷத்துக்கு ஒரு தரம் போகிறோம். அக்காவின் ஸ்லோ ரோல் சுத்தமானது, நடுவர்களுக்குக் குறைக்க ஒன்றும் இருக்காது. ஆனால் விமானம் தலைகீழாகிற அந்த நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்வார்:

"நிக்காதீங்க."

என் பின்கழுத்து சில்லிடும். கும்பிடலாம் என்றால் இரண்டு கையும் வேலையாக இருக்கும்.